மேடானுக்குப் போகும் காற்பந்து அணி: கடப்பிதழ் இல்லாத பிள்ளை எங்கே விளையாடுவான்?

விமான நிலையத்தில் ஒரே நிறச் சட்டை அணிந்த பதினாறு மாணவர்கள், நான்கு ஆசிரியர்கள், கையில் ஒரு பதாகை. பள்ளி விடுமுறை நெருங்கும் போதெல்லாம் இப்படி ஒரு படம் நம் கைப்பேசிக்கு வந்துவிடுகிறது. முன்பெல்லாம் நகரத்துப் பெரிய பள்ளிகளும் தனியார் பள்ளிகளும்தான் இப்படிப் புறப்படும். இன்று தமிழ்ப்பள்ளிகளும், நம் பிள்ளைகள் நிறைந்த இடைநிலைப்பள்ளிகளும் காற்பந்து, ஹாக்கி, வலைப்பந்து அணிகளோடு எல்லை கடந்து போகின்றன. பார்க்கவே மகிழ்ச்சியாக இருக்கிறது.

பயணத் திட்டம் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்ததுபோல் இருக்கும். ஐந்து நாள். இரண்டு அல்லது மூன்று நட்பு ஆட்டங்கள். இரண்டு நாள் சுற்றுலா. ஒரு பாதி நாள் ‘சமூகச் சேவை’. விளையாட்டு, ஊர் பார்த்தல், தொண்டு என மூன்றும் ஒரே கட்டணத்தில் அடங்கும். பெற்றோருக்குக் காட்டும் தாளில் மூன்றும் சம அளவில் தெரியும்.

இந்தப் பயணங்கள் வேண்டாம் என்று சொல்வது என் நோக்கமன்று. இவை இன்னும் பெருக வேண்டும். ஆனால் ஒரு பயணம் நல்லதா என்று அளக்க நாம் இதுவரை பார்த்து வந்தது படத்தில் நிற்கும் பிள்ளைகளை மட்டுமே. படத்தில் இல்லாத பிள்ளைகளையும், அங்கே நம்மை வரவேற்கும் பிள்ளைகளையும் சேர்த்துப் பார்த்தால் கணக்கு வேறாகிறது.

நமக்கு மிக அருகில் உள்ள ஊரான மேடானை எடுத்துக்கொண்டு இதைப் பேசலாம்.

ஏன் மேடான்?

பினாங்கிலிருந்து விமானத்தில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் வட சுமத்ராவில் இறங்கிவிடலாம். மலேசியர்களுக்குக் குறுகிய காலப் பயணத்துக்கு விசா தேவையில்லை. மொழியும் நமக்குப் புதிதன்று; பள்ளியில் மலாய் படித்த பிள்ளை அங்கே கடைக்காரரிடம் பேசிவிடுவான். காற்பந்து அந்த ஊரின் உயிர். பிஎஸ்எம்எஸ் மேடான் என்ற பெயரை நம் மூத்த காற்பந்து ரசிகர்கள் நன்றாக அறிவார்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. மேடானில் நம்மவர்கள் இருக்கிறார்கள். 1860களில் டெலி பகுதியில் டச்சுக்காரர்கள் புகையிலைத் தோட்டங்களைத் தொடங்கியபோது, சீனர்களோடும் சாவகத் தொழிலாளர்களோடும் தமிழர்களும் வேலைக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். நம் பாட்டன்மார் இங்கே காப்பிக்கும் கரும்புக்கும் பின்னர் ரப்பருக்கும் வந்த அதே கதைதான். கப்பல் நின்ற துறை மட்டும் வேறு. இன்று கம்போங் மெட்ராஸ் என்று அழைக்கப்படும் பகுதியில் 1884இல் எழுந்த ஸ்ரீ மாரியம்மன் ஆலயம் நிற்கிறது. 2005இல் திறக்கப்பட்ட அன்னை வேளாங்கண்ணி ஆலயம், கோபுரம் போன்ற தோற்றத்தால் மலேசியப் பயணிகள் தவறாமல் போகும் இடமாகிவிட்டது.

ஆனால் மேடானில் தமிழ்வழிப் பள்ளி கிடையாது. இளைய தலைமுறையில் பலர் வீட்டிலும் வெளியிலும் இந்தோனேசிய மொழியே பேசுகிறார்கள். 1816இல் பினாங்கில் தொடங்கியதாகக் கருதப்படும் தமிழ்க்கல்வி இன்று ஐந்நூறுக்கும் மேற்பட்ட பள்ளிகளாக நம் நாட்டில் நிற்கிறது. நீரிணைக்கு அந்தப் பக்கம் அப்படி ஒன்று அமையவில்லை. ஒரே மாதிரி தோட்டத்துக்கு வந்த இரு கூட்டத்தின் பேரப்பிள்ளைகள் ஒரு திடலில் எதிரெதிரே நின்று பந்து உதைப்பது என்பது சாதாரண நட்பு ஆட்டத்தைவிடப் பெரிய விஷயம்.

பிள்ளைகளுக்கு என்ன கிடைக்கிறது?

தோட்டத்திலும் சிறுபட்டணத்திலும் வளரும் பிள்ளைக்கு முதல் விமானப் பயணமே ஒரு பாடம். தன் பையைத் தானே அடுக்குகிறான். குடிநுழைவு அதிகாரியின் முன் தனியாக நிற்கிறான். அறிமுகமில்லாத திடலில், அறிமுகமில்லாத நடுவரின் விசிலுக்கு ஆடுகிறான். தோற்றுவிட்டு எதிரணியோடு சேர்ந்து சாப்பிட உட்காருகிறான். வகுப்பறையில் பத்து மாதம் சொன்னாலும் இவை வந்து சேரா.

விளையாட்டு நம் சமூகத்துக்கு என்ன கொடுத்தது என்பதை நினைத்துப் பாருங்கள். ஓட்டக்காரர் எம். ஜெகதீசன், 1966 ஆசியப் போட்டியில் 400 மீட்டரில் தங்கம் வென்ற எம். ராஜமணி, கோல் காவலர் ஆர். ஆறுமுகம் ஆகியோரின் பெயரைச் சொன்னால் இன்றும் மலாய்க்காரரும் சீனரும் தலையாட்டுவார்கள். இன்று ஸ்குவாஷில் சிவசங்கரி, பூப்பந்தில் தினா முரளிதரன். வெளித்திடலில் ஆடிப் பழகாத எவரும் அந்த இடத்துக்குப் போனதில்லை.

பெற்றோர் கண் வைக்கும் இன்னொரு பலனும் உண்டு. அரசாங்கப் பல்கலைக்கழக நுழைவுக்கான மதிப்பெண்ணில் 90 விழுக்காடு கல்விக்கு, 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கைக்கு. அனைத்துலக அளவில் பங்கேற்றால் கூடுதல் புள்ளி என்பதால், ‘வெளிநாட்டில் விளையாடினான்’ என்ற சான்றிதழுக்கு மதிப்பு இருக்கிறது. ஆனால் வெளிநாட்டில் ஆடிய எல்லா நட்பு ஆட்டமும் தானாகவே அந்தக் கணக்கில் சேர்ந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். பயணத்துக்குப் பணம் கட்டும் முன்பே, இந்த ஆட்டம் அங்கீகரிக்கப்பட்டதா என்று பள்ளியில் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.

பணக் கணக்கு

இனி பணத்துக்கு வருவோம். எளிதாகப் புரிய ஒரு மாதிரிக் கணக்கு போடுகிறேன். தலைக்கு 2,200 ரிங்கிட் செலவாகும் ஒரு பயணம். பதினாறு மாணவர்கள், நான்கு பெரியவர்கள். மொத்தம் 44,000 ரிங்கிட். ‘ஆசிரியர்களுக்கு இலவசம்’ என்று பயண முகவர் சொல்வார். உண்மையில் எதுவும் இலவசமில்லை. அந்த நான்கு பேரின் செலவும் பதினாறு மாணவர்கள் தலையில் ஏறுகிறது. 44,000ஐப் பதினாறால் வகுத்தால் ஆளுக்கு 2,750 ரிங்கிட்.

நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியில் 1,700 ரிங்கிட்டாக உயர்ந்தது. அந்தச் சம்பளம் வாங்கும் ஒரு தகப்பனுக்கு 2,750 என்பது ஒன்றரை மாதச் சம்பளத்துக்கும் மேல். கடப்பிதழுக்கு 12 வயதும் அதற்குக் கீழும் என்றால் 100 ரிங்கிட், அதற்கு மேல் என்றால் 200 ரிங்கிட் தனி. காலணி, கைச்செலவுப் பணம் தனி.

இங்கேதான் அணி மாறுகிறது. திடலில் தேர்வு வைத்துப் பதினாறு பேரைப் பயிற்றுநர் பொறுக்குகிறார். பணம் கட்டும் நாள் வந்ததும் நான்கு பேர் சத்தமில்லாமல் விலகிக்கொள்கிறார்கள். ‘வயிற்றுவலி’, ‘அம்மாவுக்கு உடம்பு சரியில்லை’, ‘எனக்கு விருப்பமில்லை சார்’ என்பார்கள். பதினைந்து வயதுப் பையன் ‘எங்களிடம் காசு இல்லை’ என்று வாய் திறந்து சொல்ல மாட்டான். அவன் இடத்துக்குப் பணம் கட்ட முடிந்த அடுத்த பிள்ளை வருகிறான். பதாகையில் பள்ளியின் பெயர்தான் இருக்கிறது. ஆனால் திடலில் இறங்குவது பள்ளியின் சிறந்த அணியன்று, பணம் கட்ட முடிந்தவர்களின் அணி.

இதற்கு வழி இல்லாமலில்லை. பயணத்துக்கு ஓராண்டு முன்பே திட்டமிட்டால் 2,750 என்பது மாதம் சுமார் 230 ரிங்கிட்டாக இறங்குகிறது. அதுவும் பலருக்குச் சுமைதான். ஆனால் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் உணவு விற்பனை, முன்னாள் மாணவர்களின் நன்கொடை, ஊர்க் கடைக்காரர்களின் உதவி ஆகியவற்றைச் சேர்க்க அந்த ஓராண்டு போதும். திரட்டும் பணம் எல்லாப் பிள்ளைகளின் கட்டணத்தையும் ஒரே அளவில் குறைக்க வேண்டும். மீதியைக் கட்ட முடியாத பிள்ளைக்குத் தலைமையாசிரியரும் பொருளாளரும் மட்டும் அறிந்து உதவ வேண்டும். கூட்டத்தில் பெயர் வாசித்து, மேடையில் உறை கொடுத்து உதவினால், அந்தப் பிள்ளை அடுத்த ஆண்டுத் தேர்வுக்கே வரமாட்டான்.

செலவைக் குறைக்கவும் இடமுண்டு. ஐந்து நாளை நான்காக்கினால் ஒரு இரவு விடுதி, மூன்று வேளைச் சாப்பாடு, ஒரு நாள் பேருந்து வாடகை மிச்சம். கடை வீதிக்கென்று ஒதுக்கிய நாளை வெட்டினால் எந்தப் பிள்ளையின் படிப்பும் கெட்டுவிடாது.

காசு இருந்தும் போக முடியாத பிள்ளை

பணத்தைத் திரட்டிவிடலாம். அதைவிடக் கடினமான தடை ஒன்று உண்டு. அதை நம் சமூகம் நன்றாக அறியும். ஆனால் பயணக் கூட்டத்தில் யாரும் பேசுவதில்லை.

இந்த நாட்டில் பிறந்து, நம் பள்ளியில் படித்து, நெகாராகூ பாடி வளர்ந்த பிள்ளை. பிறப்புப் பத்திரத்தில் மட்டும் ‘குடிமகன் அல்ல’ என்று இருக்கிறது. பெற்றோரின் திருமணம் பதிவு செய்யப்படவில்லை, தாய் வெளிநாட்டவர். கோயிலில் ஊரறியத் தாலி கட்டியிருக்கலாம். ஆனால் சட்டப்படி பதிவான திருமணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளை, நம் அரசியலமைப்பின்படி தாயின் குடியுரிமை நிலையையே பெறுகிறது. தகப்பன் மலேசியராக இருந்தும் பயனில்லை. சில பிள்ளைகளுக்குப் பிறப்புப் பத்திரமே தாமதமாகப் பதிவானது. சில வீடுகளில் தாத்தா காலத்திலிருந்து சிவப்பு அடையாள அட்டை தொடர்கிறது. அரசியலமைப்பின் 15ஏ பிரிவின் கீழ் பிள்ளைக்குக் குடியுரிமை கேட்டு விண்ணப்பிக்கலாம். பதிலுக்குக் காத்திருக்கும் ஆண்டுகளில் பிள்ளை ஆரம்பப்பள்ளியை முடித்து இடைநிலைப்பள்ளிக்குப் போய்விடுகிறான்.

அந்தப் பிள்ளைக்குக் கடப்பிதழ் கிடையாது. மாவட்ட அளவில் கோல் அடிப்பான். மேடானுக்கு மட்டும் போக முடியாது. பல வீடுகளில் பிள்ளைக்கே தன் நிலை தெரியவருவது இப்படி ஒரு பயணத்துக்குக் கடப்பிதழ் எடுக்கப் போகும் நாளில்தான்.

தாய்லாந்தில் 2018இல் நடந்தது நினைவிருக்கும். தாம் லுவாங் குகைக்குள் வெள்ளத்தில் சிக்கிய காற்பந்து அணியை உலகமே கண்விழித்துப் பார்த்தது. பன்னிரண்டு சிறுவர்களும் பயிற்றுநரும் மீட்கப்பட்ட பிறகுதான் இன்னொரு செய்தி வெளியே வந்தது. அவர்களில் மூன்று சிறுவர்களும் பயிற்றுநரும் எந்த நாட்டின் குடிமக்களும் அல்லர். தங்கள் மாநில எல்லையைத் தாண்டவே அவர்களுக்குத் தடைகள் இருந்தன. மீட்கப்பட்ட அடுத்த மாதமே தாய்லாந்து அரசு நால்வருக்கும் குடியுரிமை கொடுத்தது. அந்த ஆண்டு அக்டோபரில் அந்த அணி அர்ஜென்டினாவுக்குப் பறந்து நட்பு ஆட்டம் ஆடியது. உலகத்தின் கண் பட்டதால் மூன்று மாதத்தில் ஆகிவிட்டது. நம் பிள்ளைகள் குகையில் சிக்கவில்லை. அதனால் வரிசையில் நிற்கிறார்கள்.

பள்ளி இதைத் தீர்க்க முடியாது. ஆனால் முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியும். அணி தேர்வான வாரமே எல்லாருடைய பிறப்புப் பத்திரத்தையும் கடப்பிதழையும் தனித்தனியாக, மற்ற பிள்ளைகள் அறியாமல் பார்த்துவிட வேண்டும். பதிவு விட்டுப்போனது போன்ற சிக்கலாக இருந்தால் தேசியப் பதிவிலாகாவுக்குக் குடும்பத்தை அழைத்துச் செல்ல, விவரம் தெரிந்த ஒரு பெற்றோர் அல்லது சேவையாளர் துணைக்கு வரலாம். விளையாட்டுப் பயணத்துக்காகத் தொடங்கிய அந்த வேலை, பிள்ளையின் எஸ்பிஎம் தேர்வுக்கும் வங்கிக் கணக்குக்கும் வேலைக்கும் உதவும். பயணம் போகாவிட்டாலும் அது வீண் போகாது.

ஏரியும் எரிமலையும்

மேடான் பயணம் என்றால் பெராஸ்தாகி மலையும் தோபா ஏரியும் திட்டத்தில் இருக்கும். பார்க்க வேண்டிய இடங்கள்தான். மாபெரும் எரிமலை வெடிப்பில் உண்டான பள்ளத்தில் தேங்கிய ஏரி அது. நடுவே சமோசிர் தீவு. புவியியல் பாடத்தைக் கண்ணால் பார்க்கலாம்.

ஆனால் இரண்டு விஷயங்களைப் பெற்றோர் அறிந்திருக்க வேண்டும். 2018 ஜூன் 18ஆம் தேதி தோபா ஏரியில் சினார் பாங்குன் என்ற பயணப் படகு கவிழ்ந்தது. அளவுக்கு மேல் ஆட்கள், போதிய உயிர்காப்பு உடை இல்லை, பயணிகள் பட்டியலும் இல்லை. 150க்கும் மேற்பட்டோர் காணாமற்போனார்கள். பெராஸ்தாகிக்கு அருகிலுள்ள சினாபுங் எரிமலை நூற்றாண்டுகள் உறங்கிவிட்டு 2010இல் விழித்தது. 2014 பிப்ரவரியில் விலக்கப்பட்ட பகுதிக்குள் சென்றவர்கள் வெடிப்பில் உயிரிழந்தார்கள்.

இதனால் ஏரிக்கே போகாதீர்கள் என்பதில்லை. சாலை விபத்து நம் நாட்டிலேயே நடக்கிறது. 2025 ஜூனில் கெரிக் அருகே பேருந்து கவிழ்ந்து பதினைந்து பல்கலைக்கழக மாணவர்களை இழந்தோம். சொல்ல வருவது இதுதான்: ஆட்டம் முடிந்த களைப்பில், இரவு நேரத்தில், நேரத்தை மிச்சம் பிடிக்க மலைப்பாதையில் பேருந்தை விரட்டும் திட்டத்துக்கு ஒப்புதல் கையெழுத்து போடாதீர்கள். படகில் ஏறும்போது ஒவ்வொரு பிள்ளைக்கும் உயிர்காப்பு உடை இருக்கிறதா என்று பார்ப்பது எந்த ஆசிரியரின் பொறுப்பு என்பது புறப்படும் முன்பே தாளில் இருக்க வேண்டும். காப்புறுதி ஆட்டத்தில் படும் காயத்துக்கும் பொருந்துமா என்றும் கேளுங்கள். சாதாரணப் பயணக் காப்புறுதியில் போட்டி விளையாட்டுக்கு விலக்கு இருக்கலாம்.

யாருக்குத் தொண்டு?

இனி அந்தப் பாதி நாள் தொண்டு. இதைப் பற்றிப் பேச எனக்கு ஒரு பழைய நினைவு உண்டு.

நான் தோட்டத்தில் வளர்ந்தவன். எங்கள் லயத்துக்குப் பின்னால் ஒரு திடல். ஒருமுறை பட்டணத்திலிருந்து ஓர் அணி வந்தது. காலையில் ஆட்டம். என் அண்ணன் இரண்டு கோல் அடித்தார். எங்கள் தோட்டத்து அணி வென்றது. மதியம் வந்தவர்கள் எங்களை வரிசையாக நிற்க வைத்து ஆளுக்கொரு பிஸ்கட் பொட்டலமும் புத்தகப் பையும் கொடுத்தார்கள். கொடுக்கும்போது படம் பிடித்தார்கள். அண்ணனும் அந்த வரிசையில் நின்றார். வீட்டுக்கு நடக்கையில் அவர் சொன்னது இன்றும் காதில் இருக்கிறது. “கோல் அடிச்சப்ப ஒருத்தனும் படம் எடுக்கலடா. பை வாங்கறப்பதான் எடுத்தான்.”

வந்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. அந்தப் பையை நான் மூன்று ஆண்டு சுமந்தேன். ஆனால் காலையில் சரிக்குச் சரியாக ஆடியவரை மதியம் ஏழைப் பிள்ளையாக்கிவிட்டுப் போனார்கள். தோட்டத்தில் வளர்ந்த நம்மில் பலருக்கு இந்த வரிசை தெரியும். தீபாவளிக்கு முந்திய வாரங்களில் இன்றும் அது நடக்கிறது. அப்படி நின்ற நம் சமூகத்தின் பிள்ளைகள் இப்போது வெளிநாட்டுக்குப் போய் அதே வரிசையை வேறு பிள்ளைகளுக்கு ஏற்படுத்தலாமா?

இந்தோனேசியாவில் பெரும்பாலும் திட்டத்தில் சேர்க்கப்படுவது ஆதரவற்றோர் இல்லத்துக்கு ஒரு வருகை. 2007இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு அந்நாட்டுப் பிள்ளைகள் இல்லங்களை ஆராய்ந்தது. அந்நாட்டு சமூக நல அமைச்சு, யூனிசெஃப், சேவ் த சில்ரன் ஆகியவை சேர்ந்து செய்தவை அந்த ஆய்வுகள். பார்த்த இல்லங்களில் இருந்த பிள்ளைகளில் பத்தில் ஒன்பது பேருக்குப் பெற்றோரில் ஒருவராவது உயிரோடு இருந்தார். பெரும்பாலோரை வீட்டார் அங்கே விட்டது பள்ளிப் படிப்புக்காக. வீட்டில் படிக்க வைக்கப் பணம் இல்லாததால். குடும்பத்தில் வளர்வதே முதல், இல்லம் கடைசி என்ற தரநிலையை 2011இல் அந்நாட்டு அரசு வகுத்தது.

கம்போடியாவில் நடந்தது இன்னும் கசப்பானது. சுற்றுப்பயணிகள் இல்லங்களைப் பார்க்கத் திரண்டு வந்து பணம் கொடுக்க, பணம் வருகிறது என்பதாலேயே இல்லங்கள் பெருகின. அவற்றை நிரப்பக் கிராமத்துப் பெற்றோரிடமிருந்து பிள்ளைகள் அழைத்து வரப்பட்டார்கள். இல்லத்துக்கென்று பிள்ளைகளைக் கடத்துவதை நவீன அடிமைத்தனத்தின் ஒரு வடிவம் என்று ஆஸ்திரேலியா 2018இல் ஏற்றுக்கொண்டது. நல்ல மனத்தோடு கொடுக்கும் பணமும் பிள்ளையை வீட்டிலிருந்து பிரிக்கக்கூடும். எல்லா இல்லமும் அப்படியில்லை. ஆனால் இரண்டு மணி நேரம் வந்துபோகும் விளையாட்டு அணியால் எது எப்படி என்று கண்டுபிடிக்க முடியாது. முன்பின் தெரியாத முப்பது பேர் ஆண்டு முழுவதும் வாரந்தோறும் வந்து கட்டிப்பிடித்துவிட்டுப் போவது அந்தப் பிள்ளைகளுக்கு நல்லதும் அன்று.

பதினைந்து வயதுக் காற்பந்து வீரனால் என்ன செய்ய முடியும்? சுவருக்குச் சாயம் அடிக்க ஊரிலேயே ஆள் இருக்கிறார். அவருக்கு அந்தக் கூலியும் தேவை. அவனால் முடிந்தது காற்பந்து. நம்மை வரவேற்கும் பள்ளியின் சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு அரை நாள் பயிற்சி நடத்தலாம். திடலுக்குக் கோடு போடலாம், கிழிந்த வலையைக் கட்டலாம், குப்பை பொறுக்கலாம். அதையும் அந்தப் பள்ளி மாணவர்களோடு சேர்ந்து செய்ய வேண்டும். கம்போங் மெட்ராஸ் பிள்ளைகளோடு ஒரு மாலை உட்கார்ந்து தமிழ்க் கதை ஒன்றை வாசிக்கலாம். அவர்கள் இந்தோனேசிய மொழியில் தங்கள் பாட்டி சொன்ன தோட்டக் கதையைச் சொல்லலாம். யார் யாருக்குத் தொண்டு செய்தார்கள் என்று அப்போது பிரித்துச் சொல்ல முடியாது. அதுதான் நல்லது. எது தேவை என்று மூன்று மாதம் முன்பே அவர்களைக் கேட்டுவிட்டுப் போக வேண்டும். ‘பந்து வேண்டாம், கோல் காவலருக்குக் கையுறைதான் இல்லை’ என்று அவர்கள் சொன்னால் கையுறை கொண்டுபோக வேண்டும்.

திரும்பி வரும் ஆட்டம்

இத்தனை சிக்கலுக்கும் சேர்த்து ஒரு வழி இருக்கிறது. பழைய தோட்டத்து அணிகள் அறிந்த வழிதான்.

அந்தக் காலத்தில் ஒரு தோட்டத்து அணி அடுத்த தோட்டத்துக்குப் போய் ஆடினால், அடுத்த மாதம் அவர்கள் இங்கே வருவார்கள். போன இடத்தில் சாப்பிட்ட கறிக்கு இங்கே பதில் கறி உண்டு. போய்விட்டு அழைக்காமல் இருப்பது மரியாதைக் குறைவு. வெளிநாட்டுப் பயணத்திலும் அதே முறை வேண்டும். இந்த ஆண்டு நாம் மேடானுக்கு. அடுத்த ஆண்டு அவர்கள் நம் ஊருக்கு.

வருபவர்களுக்கு விடுதி வேண்டாம். பள்ளி மண்டபமும் பெற்றோர் வீடுகளும் போதும். கோயில் மண்டபத்தில் ஒரு வேளைச் சாப்பாடு. நாம் கடைவீதி நாளை வெட்டி மிச்சம் பிடித்த பணம் அவர்களின் விமானச் சீட்டுக்கு ஒரு பங்காகும். அவர்களிலும் கடப்பிதழ் எடுக்கச் சிரமப்படும் பிள்ளைகள் இருப்பார்கள். அந்தச் செலவையும் முன்பே பேசி வைக்கலாம்.

இதனால் ஆகும் காரியத்தைப் பாருங்கள். பணம் இல்லாமல் விலகிய நான்கு பேர் இங்கே ஆடலாம். குடியுரிமைக்குக் காத்திருக்கும் அந்தப் பிள்ளை, எல்லை தாண்டாமலே வெளிநாட்டு அணியை எதிர்த்துத் தன் திடலில் இறங்கலாம். அவன் ஆடுவதை ஒருநாளும் பார்க்க நேரமில்லாத அவன் தாயும் பாட்டியும் ஓரத்தில் நின்று பார்க்கலாம். நம்மை வரவேற்றவர்களும் நம் விருந்தாளிகளாக வருவதால், யாரும் யாருக்கும் பையைக் கொடுத்துப் படம் எடுக்க வேண்டியதில்லை.

ஒரு குறை சொல்லலாம்: இரண்டு ஆண்டுத் திட்டம் என்றால் ஆசிரியர் மாறிவிடுவார், தலைமையாசிரியர் மாற்றலாகிப் போவார், படிவம் ஐந்து மாணவர்கள் பள்ளியை விட்டே போய்விடுவார்கள். உண்மைதான். அதனால்தான் பொறுப்பைப் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் முன்னாள் மாணவர் சங்கமும் எடுக்க வேண்டும். ஆசிரியர் மாறினாலும் ஊர் மாறுவதில்லை.

கையெழுத்துக்கு முன் கேளுங்கள்

அடுத்த முறை பயணத் தாள் வீட்டுக்கு வரும்போது, ‘எவ்வளவு? எப்போது கட்ட வேண்டும்?’ என்பதோடு நிறுத்தாதீர்கள். கூட்டத்தில் எழுந்து இவற்றையும் கேளுங்கள்.

கல்வி இலாகாவின் அனுமதி கைக்கு வந்துவிட்டதா, விண்ணப்பம்தான் போயிருக்கிறதா? பெரியவர்களின் செலவு யார் கணக்கில்? தேர்வான பிள்ளை பணமில்லாமல் விலகினால் பள்ளி என்ன செய்யும்? எல்லாப் பிள்ளைகளின் ஆவணமும் பார்க்கப்பட்டதா? காப்புறுதி ஆட்டக் காயத்துக்கும் உண்டா? இரவில் பேருந்து ஓடுமா? தொண்டு என்று எழுதியிருப்பதை யார் கேட்டார்கள், அவர்களா, பயண முகவரா? அவர்கள் எப்போது நம் ஊருக்கு வருகிறார்கள்?

இந்தக் கேள்விகளுக்குச் சிரித்த முகத்தோடு பதில் சொல்லும் ஆசிரியர்கள் நம் பள்ளிகளில் இருக்கிறார்கள். தங்கள் விடுமுறையை விட்டுக்கொடுத்து, சொந்தக் காரில் பிள்ளைகளை ஏற்றி இறக்கி, பயிற்சி முடிந்ததும் ரொட்டி சானாய் வாங்கிக் கொடுப்பவர்கள் அவர்கள். அவர்களை மடக்குவதற்காக இந்தக் கேள்விகள் இல்லை. பெற்றோர் கேட்டால்தான் அவர்களும் பயண முகவரிடம் உறுதியாகக் கேட்க முடியும்.

என் அண்ணன் அதன்பிறகு காற்பந்து ஆடவில்லை. பதினேழு வயதில் தொழிற்சாலைக்குப் போய்விட்டார். எங்கள் திடலும் இப்போது இல்லை, வீடமைப்புப் பகுதியாகிவிட்டது. சென்ற ஆண்டு அவர் பேரன் பள்ளி அணிக்குத் தேர்வானான். பயணத் தாளைக் கொண்டுவந்து தாத்தாவிடம் நீட்டினான். அவர் கண்ணாடியைப் போட்டு, விலையைப் பார்க்காமல் கடைசிப் பக்கம் வரை வாசித்தார். பிறகு பேரனிடம் ஒன்றே ஒன்றைக் கேட்டார்: “அவனுங்க எப்பய்யா நம்ம ஊருக்கு வரானுங்க?”

தாளில் அதற்குப் பதில் இல்லை. அடுத்த தாளிலாவது இருக்கட்டும்.